காதுக்காகப் பிறந்த குரல்

ஆண்டின் பெரும்பகுதி பாசியும் சேறும் கலந்த நிறத்தில் திரியும் ஒரு தவளை, முதல் பெருமழையில் குட்டை நிரம்பியதும் பளீரென்ற எலுமிச்சை மஞ்சளில் வந்து உட்காரும். தொண்டையின் இருபுறமும் இரண்டு நீலப் பைகள் உப்பி உப்பி அடங்கும். மழைக்காலம்தோறும் இதன் படம் கைப்பேசிகளில் சுற்றி வரும். கொடிய விஷம், வெளிநாட்டிலிருந்து வந்தது என்று யாராவது எச்சரிக்கையும் சேர்த்து அனுப்புவார்கள். இரண்டும் இல்லை. நம் வயல்களில் காலங்காலமாக வாழும் இந்தியக் காளைத் தவளைதான் அது. மஞ்சளாக இருப்பவை அத்தனையும் ஆண்கள். பக்கத்திலேயே அதே பழைய பாசி நிறத்தில், இன்னும் கொஞ்சம் பருமனாக, சத்தம் போடாமல் இருப்பது பெண்.

மஞ்சள் யாருக்காக? பெண்ணை மயக்க என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் நம் கொல்லைப்புறத்துச் சொறித் தேரையை வைத்து அண்மையில் நடந்த ஓர் ஆய்வு வேறு பதில் தருகிறது. அந்தத் தேரையின் ஆணும் இனப்பெருக்கம் நடக்கும் ஓரிரு நாட்களுக்கு மட்டும் மஞ்சளாகும். வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முப்பரிமாண அச்சில் பொம்மைத் தேரைகள் செய்து, சிலவற்றுக்கு மஞ்சளும் சிலவற்றுக்குப் பழுப்பும் பூசி, ஆண் தேரைகளுக்கு நடுவே வைத்தார்கள். ஆண்கள் பழுப்புப் பொம்மைகளைத் தேடிப் போய்ப் பிடித்தன. மஞ்சளைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. நூற்றுக்கணக்கில் ஆண்கள் முண்டியடிக்கும் குட்டையில் இந்த நிறம் சொல்வது ஒன்றுதான்: நானும் ஆண், என்மேல் ஏறி நேரத்தை வீணாக்காதே. அழகுக்காகப் பூசிக்கொண்டதாக நாம் நினைத்தது நெரிசலைச் சமாளிக்கும் அடையாளமாகவும் இருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தவளைகளின் இணைசேர்க்கையில் நம் கண்ணிலும் காதிலும் விழுவதெல்லாம் ஆண் செய்வதுதான். ஆகவே கதையின் நாயகன் ஆண் என்று வெகுகாலம் எழுதப்பட்டது. கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆர்ப்பாட்டத்தின் சுருதியும் நீளமும் நேரமும் பெரும்பாலும் வாய் திறக்காத பெண்ணின் செவியில்தான் முடிவாகியிருக்கின்றன.

கையில் ஒரு தவளையை எடுத்தால் ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது? பத்தில் ஒன்பது இனங்களில் பெண்தான் பெரிது. பெரிய வயிறு என்றால் கூடுதல் முட்டை, அவ்வளவுதான் கணக்கு. ஆண்கள் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு சண்டையிடும் சில இனங்களில் மட்டும் இது தலைகீழாகும். ஆப்பிரிக்கக் காளைத் தவளையில் ஆண் பெண்ணைவிட மிகப் பெரிது. வற்றும் குட்டையில் சிக்கிய தலைப்பிரட்டைகளுக்கு மண்ணைப் பறித்துக் கால்வாய் வெட்டிப் பெரிய நீருக்கு அழைத்துப் போவதும் அதன் வேலை.

அளவை நம்ப முடியாதபோது முன்னங்காலைப் பார்க்க வேண்டும். இனப்பெருக்க காலத்தில் ஆணின் உள்விரலில் சொரசொரப்பான, கருமையான மேடு ஒன்று தடித்திருக்கும். விலங்கியல் படித்தவர்களுக்குக் கலவித் திண்டு என்றால் நினைவு வரலாம். வழுக்கும் ஈர முதுகைப் பற்றிக்கொள்ளவே அது. முன்கைத் தசையும் ஆணுக்குத்தான் திரண்டிருக்கும். தொண்டைத் தோல் தளர்ந்து, மடிப்பு விழுந்து, பல இனங்களில் கறுத்தோ மஞ்சளித்தோ தெரியும். பெண்ணின் தொண்டை வெளுத்து இறுக்கமாக இருக்கும். அமெரிக்கக் காளைத் தவளையில் இன்னொரு எளிய வழி உண்டு. கண்ணுக்குப் பின்னால் வட்டமாகத் தெரியும் செவிப்பறை பெண்ணுக்குக் கண்ணளவு. ஆணுக்குக் கண்ணைவிட வெகு பெரிது. ஆணுக்கு எதற்கு அத்தனை பெரிய செவிப்பறை என்று அளந்து பார்த்ததில், அது கேட்பதற்கு மட்டும் அல்ல என்று தெரிந்தது. ஆண் கத்தும்போது குரலின் பெரும்பங்கு அந்தச் செவிப்பறைகள் வழியாகத்தான் வெளியே பரவுகிறது. காதால் கத்தும் பிராணி!

உள்ளே போனால் வேறுபாடு இன்னும் ஆழமாகும். வட அமெரிக்காவில் வசந்தம் பிறந்ததும் கீச்சிடத் தொடங்கும் ஒரு குட்டித் தவளையில், குரலை இயக்கும் வயிற்றுப்புறத் தசைகள் ஆணின் உடல் எடையில் 15 சதவீதம். பெண்ணுக்கு 3 சதவீதம்தான். தேரைக் குடும்பத்தில் நேர்மாறான ஒரு விந்தை இருக்கிறது. ஆண் தேரையின் விந்தகத்தை ஒட்டி, வளராத கருவகத் துணுக்கு ஒன்று ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கும். பிடர் உறுப்பு என்று அதற்குப் பெயர். விந்தகங்களை நீக்கிவிட்டால் அந்தத் துணுக்கு வளர்ந்து முட்டை உண்டாக்கும் கருவகமாகவே மாறக்கூடும். ஆண், பெண் என்ற எல்லைக்கோட்டை இயற்கை பென்சிலால்தான் போட்டிருக்கிறது.

இனி குரலுக்கு வருவோம். தவளை வாயைத் திறந்து கத்துவதில்லை. வாயையும் மூக்குத் துளைகளையும் இறுக மூடிக்கொண்டு, நுரையீரல் காற்றைக் குரல்வளை வழியாக வாய்க்குள் தள்ளுகிறது. காற்று தொண்டைப் பையை ஊதிப் பெரிதாக்குகிறது. பை சுருங்கும்போது அதே காற்று நுரையீரலுக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு கத்தலுக்கும் புது மூச்சு இழுக்க வேண்டாம் என்பதால்தான் இரவெல்லாம் விடாமல் கத்த முடிகிறது. ஆனால் தசைக்குச் செலவு குறைவில்லை. முதுகெலும்பிகள் செய்யும் மிகக் கடுமையான உழைப்புகளில் தவளையின் கத்தலும் ஒன்று. சில இரவுகள் கத்திய ஆண் மெலிந்து, குட்டையை விட்டு இரை தேடப் போய்விடும். சில சிறிய ஆண்கள் வேறு வழி கண்டிருக்கின்றன: உரத்துக் கத்தும் ஒருவனுக்கு அருகில் வாய்மூடிப் பதுங்கியிருந்து, அவன் குரலுக்கு வரும் பெண்ணை நடுவழியில் மறிப்பது. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். தோற்பது உறுதி என்று தெரிந்த பந்தயத்தில் அதுவே புத்திசாலித்தனமும்கூட.

உழைப்பு ஒருபுறம், உயிராபத்து மறுபுறம். தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழிக்கு உலகிலேயே சிறந்த விளக்கவுரை பனாமா நாட்டில் எழுதப்பட்டது. அங்குள்ள பாரோ கொலராடோ தீவில் மைக்கேல் ரையன் என்ற ஆய்வாளர் துங்காரா என்னும் சிறு தவளையை எழுபதுகளின் இறுதியிலிருந்து ஆராய்ந்து வருகிறார். மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆண் தனியாக இருந்தால் சுருதி இறங்கிக்கொண்டே வரும் நீளமான ஒரு முனகலோடு நிறுத்திக்கொள்ளும். போட்டிக்கு ஆள் வந்துவிட்டால் முனகலின் வாலில் 'சக்' என்ற ஒலியைச் சேர்க்கும். ஒன்று, இரண்டு, சில சமயம் ஏழுவரை. ஒலிபெருக்கிகள் வைத்துச் சோதித்தபோது, பெண்கள் வெறும் முனகலை விட்டுவிட்டு 'சக்' சேர்ந்த குரலை நோக்கியே பெரும்பாலும் தாவின.

அப்படியானால் எல்லா ஆண்களும் எப்போதும் 'சக்' சேர்க்க வேண்டியதுதானே? மெர்லின் டட்டில் என்ற வௌவால் ஆய்வாளரும் ரையனும் எண்பதுகளின் தொடக்கத்தில் அதற்கு விடை சொன்னார்கள். உதடுகளில் மருக்கள் உள்ள ஒரு வௌவால் அந்தக் காட்டில் தவளைக் குரலைக் கேட்டே வேட்டையாடுகிறது. அதற்கும் 'சக்' சேர்ந்த குரல்தான் பிடிக்கிறது. பெண்ணின் காது எதை விரும்புகிறதோ அதையே யமனின் காதும் விரும்புகிறது. பேசாமல் இருந்தால் வம்சம் இல்லை. அலங்காரமாகப் பேசினால் உயிர் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு இரவும் ஓர் ஆண் எத்தனை 'சக்' போடுவது என்று அளந்து போடுகிறது. பின்னாளில் நகரத்துத் துங்காராக்களைச் சோதித்தபோது, வௌவால் தொல்லை குறைந்த அங்கே ஆண்கள் கூடுதல் அலங்காரத்தோடு கத்துவதும் தெரிந்தது.

துங்காரா கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது அல்ல. துங்காராவுக்கு உறவான வேறோர் இனம் ஈக்வடாரில் இருக்கிறது. அந்த இனத்தின் ஆண்கள் 'சக்' போடுவதே இல்லை. ரையனும் சகாக்களும் அந்த ஆண்களின் பதிவு செய்த குரலுக்குப் பின்னால் துங்காராவின் 'சக்'கை ஒட்டவைத்து அந்த இனத்துப் பெண்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். தம் இன ஆண்கள் யாருமே போடாத அந்த ஒலியைப் பெண்கள் விரும்பி நாடின. அதாவது அந்த ஒலி பிறப்பதற்கு முன்பே அதற்கான ருசி காதில் இருந்திருக்கிறது. ஆண் ஒரு புது ஒலியைக் கண்டுபிடித்துப் பெண்ணை ரசிக்கப் பழக்கவில்லை. ஏற்கெனவே திறந்திருந்த காதுக்குள் தற்செயலாக நுழைந்த ஒலி நிலைத்துவிட்டது.

காது என்று நாம் ஒருமையில் சொல்கிறோம். தவளையின் உட்செவியில் ஒலி உணரும் பகுதிகள் இரண்டு. ஒன்று தாழ்ந்த சுருதிகளுக்கு, மற்றது உயர்ந்தவற்றுக்கு. இதை வைத்துப் போர்ட்டோ ரிக்கோ தீவின் கோக்கீ தவளை செய்யும் வேலை வியப்பானது. அதன் குரலில் 'கோ', 'கீ' என்று இரண்டு துண்டுகள். 1976இல் நாரின்ஸ், காப்ரானிகா என்ற இருவர் இரண்டையும் பிரித்து ஒலிக்கவிட்டார்கள். ஆண்கள் 'கோ'வுக்குத்தான் பதில் குரல் கொடுத்தன. பெண்களை இழுத்தது 'கீ'. ஒரே குரலில் முதல் பாதி எதிரிக்கு எச்சரிக்கை, மறுபாதி காதலிக்கு அழைப்பு. ஆணின் செவியும் பெண்ணின் செவியும் வேறு வேறு சுருதிக்கு இசைந்திருப்பதால் இது நடக்கிறது.

சரி, பல இனங்கள் ஒரே குளத்தில் ஒரே நேரத்தில் கத்தும்போது பெண் எப்படித் தன் இனத்தானைப் பிரித்தறிகிறது? அமெரிக்கப் பச்சை மரத்தவளையில் 2021இல் ஒரு பதில் கிடைத்தது. பெண் தன் நுரையீரலைக் காற்றால் நிரப்பிக்கொள்கிறது. அந்தக் காற்றுப்பையின் அதிர்வு உடல் வழியாகச் செவிப்பறைக்குப் போய், குறிப்பிட்ட சில சுருதிகளில் மட்டும் செவிப்பறையின் அசைவை அடக்குகிறது. எந்தச் சுருதிகள்? தன் இனக் குரல் விழாதவை. அக்கம்பக்கத்து இனங்களின் இரைச்சல் விழுபவை. இரைச்சலை வடிகட்டும் காதுக்கருவியை விலைகொடுத்து வாங்கும் நமக்கு, ஒரு தவளை அதை மூச்சை இழுத்தே செய்துகொள்கிறது என்பது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பெண் எப்போதும் ஊமையும் அல்ல. சீனாவின் ஹுவாங்ஷான் மலை ஓடைகளில் வாழும் ஓர் இனத்தில், முட்டையிடத் தயாரான பெண் மெல்லிய குரல் கொடுக்கும். நீரின் இரைச்சலுக்கு மேலே, மனிதக் காதுக்கு எட்டாத சுருதிவரை அந்தக் குரல் போகும். கேட்ட மாத்திரத்தில் ஆண் அந்தத் திசையில் பாய்கிறது. குறி ஒரு பாகைகூடப் பிசகுவதில்லை. தலையோ கட்டைவிரல் நுனி அளவு, இரு காதுகளுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டரைச் சுற்றி. யானையும் மனிதனும் ஆந்தையும் எட்டும் துல்லியத்தை இது எட்டுகிறது. அருவியோரத்தில் குரலே எடுபடாது என்று முடிவுகட்டிய இனங்களும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நடனத் தவளைகள் பாறைமேல் உட்கார்ந்து பின்னங்காலை நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்துக் கொடிபோல ஆட்டும். எஸ்.டி. பிஜுவின் குழு 2014இல் ஒரே கட்டுரையில் இவற்றில் 14 புதிய இனங்களை விவரித்தது.

குரலுக்குப் பிறகு பிடி. ஆண் பெண்ணின் முதுகில் ஏறி முன்னங்கால்களால் இறுக்கிக்கொள்ளும், ஆம்ப்ளெக்சஸ் என்பார்கள். மணிக்கணக்கில், சில இனங்களில் நாள்கணக்கில் நீடிக்கும். பெண் முட்டைகளை வெளியேற்றும்போது ஆண் அதன்மேல் விந்தைப் பொழிகிறது. பெரும்பாலான தவளைகளில் கருவுறல் உடலுக்கு வெளியேதான். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இதை நிரூபிக்க இத்தாலியப் பாதிரியார் லாசரோ ஸ்பல்லன்சானி பதினெட்டாம் நூற்றாண்டில் பட்ட பாடு சுவையானது. பட்டுத் துணியில் குட்டிக் கால்சட்டைகள் தைத்து ஆண் தவளைகளுக்கு மாட்டிவிட்டார். கால்சட்டை போட்ட ஆண்கள் ஆர்வம் குறையாமல் பெண்களைப் பிடித்தன. ஆனால் அந்த முட்டைகள் ஒன்றும் பொரியவில்லை. கால்சட்டையில் தங்கிய திரவத்தை முட்டைகள்மேல் தடவியதும் தலைப்பிரட்டைகள் வந்தன. இத்தனை தெளிவாகக் கண்டவர், விந்தில் நெளியும் உயிரணுக்கள்தான் காரணம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாமல், அவற்றை ஒட்டுண்ணிகள் என்றே நம்பினார்.

ஆண் பிடிப்பது எப்போதும் பெண்ணையே என்று இல்லை. ஒரு சில இரவுகளில் எல்லாம் முடிந்துவிடும் குளங்களில் அசைவது எதுவானாலும் பிடிக்கும்: வேறோர் ஆண், மீன், மிதக்கும் கட்டை. பிடிபட்டது ஆணானால் உடம்பை அதிரவைத்துக் கொக்கரிக்கும், விடுவிப்புக் குரல். பிடித்தவன் உடனே விட்டுவிடுவான். பெண்ணுக்கு இந்த வசதி இல்லை, பிடிபட்டால் பிடிபட்டதுதான் என்று ஐரோப்பியப் பழுப்புத் தவளையைப் பற்றி நீண்ட காலம் நம்பினார்கள். அந்தக் குளங்களில் பல ஆண்கள் ஒரே பெண்மேல் குவிந்து, அது மூழ்கிச் சாவதும் உண்டு. பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கரோலின் டிட்ரிச்சும் மார்க்-ஒலிவர் ரோடலும் 2023இல் காணொளிப் பதிவுகளைப் பொறுமையாகப் பார்த்தபோது கதை மாறியது. பிடிக்கப்பட்ட பெண்களில் 83 சதவீதம் நீருக்குள் உடலைச் சுழற்றி ஆணை உதற முயன்றன. ஏறத்தாழப் பாதிப் பெண்கள் உறுமியும் கீச்சிட்டும் குரல் கொடுத்தன. அந்த உறுமல் ஆண்களின் விடுவிப்புக் குரலை ஒத்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு கைகால்களை விறைத்து நீட்டிச் செத்ததுபோல் கிடந்தன. ஆண் விட்டுப் போனதும் எழுந்து நீந்தின. பல பெண்கள் உண்மையிலேயே தப்பின. செத்ததுபோல் கிடப்பது திட்டமிட்ட நடிப்பா, அச்சத்தில் உடல் தானாக விறைப்பதா என்பது வேறு கேள்வி. பெண் கிடைத்ததை ஏற்றுக்கொள்கிறது என்ற பழைய வரி மட்டும் இனிச் செல்லாது. பார்த்தவர்கள் ஆணையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அது இத்தனை காலம் நின்றது என்பது என் எண்ணம்.

பிடியே இல்லாமலும் ஓர் இனம் சமாளிக்கிறது. மகாராஷ்டிரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் பம்பாய் இராத்தவளையில் ஆண் பெண்ணின் முதுகின் மேலாகக் கால் பரப்பி நிற்கும். கைகள் பெண்ணைத் தொடாமல் இலையையோ கிளையையோ பற்றியிருக்கும். முதுகில் விந்தை விட்டுவிட்டு ஆண் இறங்கிப் போய்விடும். அதன் பிறகுதான் பெண் முட்டையிடுகிறது. முதுகிலிருந்து வழியும் விந்து முட்டைகளை நனைக்கிறது. அதுவரை அறிந்த ஆறு வகைப் பிடிகளோடு ஏழாவதாக இது 2016இல் சேர்ந்தது. இந்த இனத்திலும் பெண் குரல் கொடுக்கிறது.

தெற்கே வந்தால், ஏறத்தாழ ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழும் ஊதாத் தவளை. கேரளத்தில் பாதாளத் தவளை, மாவேலித் தவளை என்பார்கள். அறிவியலுக்கு 2003இல்தான் அறிமுகமானது. ஆண் மண்ணுக்குள் இருந்தபடியே கூவும். பெண் அதைவிடப் பல மடங்கு பருமன்; சிறிய ஆணை முதுகில் சுமந்து ஓடைப் பாறைக் குழிக்குப் போய், ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில், இதன் நெருங்கிய உறவினம் ஒன்று இருப்பது 2017இல் தெரியவந்தது. 2014இல் களப்பணியின்போது இறந்த ஊர்வன, நீர்நில வாழ்வன ஆய்வாளர் சு. பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். மேற்கில் உள்ளது தென்மேற்குப் பருவத்தை ஒட்டி இணைசேரும். கிழக்கில் உள்ளது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும். மலைக்கு இந்தப்பக்கம் மழை எப்போது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

முட்டையிட்டதும் பெற்றோர் இருவரும் கிளம்பிவிடுவதுதான் தவளை உலகின் பொது வழக்கம். இந்த வழக்கத்திலிருந்து விலகும் இனங்களில், தங்குவது பல சமயம் ஆண். கர்நாடகத்தின் கும்பாரத் தவளையில் முட்டைகளை ஆண் கையால் சேற்றை அள்ளிப் பூசி மூடுகிறது. கன்னடத்தில் கும்பாரன் என்றால் குயவன். நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் இருக்கும் வெண்புள்ளிப் புதர்த்தவளை இதைவிட ஒருபடி மேலே. 1876இல் விவரிக்கப்பட்டு, பிறகு நூறாண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல், 2011இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இனம் அது. ஓடைக்கரை நாணல் மூங்கிலின் கணுக்களுக்கு இடையில் பூச்சியோ எலியோ போட்ட குறுகிய கீறல் வழியாக ஆண் உடலை நெளித்து உள்ளே புகுந்து, அங்கிருந்து கூப்பிடும். பெண் வந்து உள்ளே சில முட்டைகள் இட்டுவிட்டுப் போய்விடும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வெளிவரும்வரை ஆண் அந்த இருட்டுக் குழாயிலேயே காவல்.

கே.எஸ். சேஷாத்ரி என்ற ஆய்வாளர் சில மூங்கில்களிலிருந்து ஆண்களை எடுத்துவிட்டு முட்டைகளின் கதியைக் கவனித்தார். காவல் இல்லாத முட்டைகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. கீறல் வழியே வந்து அவற்றைத் தின்றதில் முதலிடம் பாம்புக்கோ பூச்சிக்கோ இல்லை. அதே இனத்தின் வேறோர் ஆண்தான் அது.